வாய் திறக்கக் கூடாத பாடகியோடு பினாங்குக்கு

பினாங்குக்குப் போக ஆளுக்கொரு காரணம் இருக்கும். சிலர் கொடிமலை ரயிலில் ஏறிக் குளிரை அனுபவிக்கப் போவார்கள். சிலர் கடைத்தெருவில் சேலை எடுக்கப் போவார்கள். தைப்பூசத்துக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன பங்குனியில் நான் போனது ஒரு தொண்டையைக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவதற்கு. அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரர் நோரா கினான் என்ற அயர்லாந்துப் பெண்மணி. தன் ஊர் நாட்டுப்பாட்டுகளைப் பாடிப் பெயர் வாங்கியவர். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்.

நான் தைப்பிங் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் ஊன்றிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தவர். வார்டில் எல்லோருக்கும் நான் 'மிஸி'. கவலைப்படுவது என் தொழிலா, என் குணமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. நன்றாகத் தூங்கும் நோயாளியைக்கூடத் தட்டி எழுப்பி, "தூக்கம் வருதோ?" என்று கேட்கிறவள் என்று என்னைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளிடம் இந்தத் தொண்டையை ஒப்படைத்தார்கள். இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், கட்டணம் எல்லாம் எழுதியிருக்கிறேன். நடுவில் பாட்டுக்காரியின் கதை புகுந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோரா ஒரு கச்சேரிக் கம்பெனியோடு கொழும்பு, ரங்கூன் என்று சுற்றிக்கொண்டு வந்தவர். ஈப்போ மேடையில் பாடி முடித்துக் கைக்குட்டையில் துப்பியபோது ரத்தம் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. தைப்பிங்கில் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அவரை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஒரு கூடை ஆரஞ்சும் வாங்கி வைத்துவிட்டு, சிங்கப்பூருக்கு ரயிலேறிவிட்டார்கள். எங்கள் பெரிய டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல்நாணில் பாசிப்பயறு அளவுக்கு இரண்டு வீக்கம். பக்கத்தில் ஒரு கீறல்.

"இன்னொரு தடவை இது கிழிந்தால் பேச்சு மிஞ்சும். பாட்டு மிஞ்சாது," என்றார்.

மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. மௌனம்தான் மருந்து. ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் கொடுத்தோம். கிசுகிசுக்கவும் கூடாது, அது வாய்விட்டுப் பேசுவதைவிடக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் மட்டும் மெல்லிய குரலில் பேசலாம் என்று டாக்டர் அனுமதித்தார். அந்தக் கால்மணி நேரத்தை நோரா தன் கதை சொல்வதற்கு வைத்துக்கொண்டார். எனக்கோ அவர் ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும் உள்ளே அந்தக் கீறல் விரிகிறது என்ற நினைப்பு. பாதிக் கதையைக் கேட்காமல் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்ட பாதியைச் சொல்கிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் மரமே இல்லாத ஒரு தீவு. அப்பாவுக்கு ஒரு படகு. பதினாறு வயதில் நோரா மீன் வெட்டும் வேலைக்குப் போனார். நம் மத்தி போல அங்கே ஒரு மீன் கூட்டம் கூட்டமாக வருமாம். படகுகள் அதைத் துரத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போக, குடல் எடுத்து உப்பில் அடுக்கும் பெண்கள் பின்னாலேயே போவார்களாம். கத்தியும் உப்பும் விரலைத் தின்றுவிடும் என்பதால் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, தொட்டியோரம் வரிசையாக நின்று, பாடிக்கொண்டே வெட்டுவார்கள். அந்தப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, மேடை கிடையாது.

பாட்டுச் சேகரிக்க வந்த ஒரு வாத்தியார் அவரை டப்ளினுக்கு அழைத்துப்போய்ப் போட்டியில் நிறுத்தினார். பரிசு கிடைத்தது. அதோடு தொழிலும் வந்தது. பச்சைப் பட்டுக் கவுன் தைத்தார்கள், பக்கத்தில் பியானோவை வைத்தார்கள், லண்டன் மண்டபங்களில் நிறுத்தினார்கள், ரேடியோவிலும் பாடவைத்தார்கள். ஆனால் எந்தப் பாட்டையும் மூன்று சரணத்துக்கு மேல் பாடவிடவில்லை. அதற்கு மேல் போனால் ஜனங்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு.

"தலையையும் வாலையும் நறுக்கி நடுத்துண்டை மட்டும் விற்றேன்," என்றார் நோரா ஆங்கிலத்தில். "மீன் வெட்டிய கைக்குப் பொருத்தமான வேலைதான்."

சிரிக்கப் போனார். நான் விரலை உதட்டில் வைத்தேன்.

அப்போதுதான் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயுள்ள அயர்லாந்துக்காரர்கள் தங்கள் புனிதரின் திருநாளைக் கொண்டாடுகிறார்களாம்; நோரா வந்து பாட வேண்டுமாம். அதற்கு மறுநாள் ஊர் திரும்ப அவருக்குக் கப்பலும் இருந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஒரு பாட்டு. மூன்று சரணம். அவ்வளவுதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் குரல் சேதமில்லாமல் கப்பல் ஏறுவது உன் பொறுப்பு," என்றார். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். என் தூக்கம் அன்றே போனது.

தைப்பிங்கிலிருந்து பிறைக்கு ரயிலில் ஏறக்குறைய அறுபது மைல். காலை ஒன்பது மணி வண்டியைப் பிடித்தால் பன்னிரண்டுக்குள் பிறையில் இறங்கலாம். இரண்டாம் வகுப்பு தலைக்கு மூன்று வெள்ளி சொச்சம். கடல் கடக்கும் படகுக்கும் அந்த டிக்கெட்டே போதும். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், கரி முழுவதும் அந்தப் பக்கம்தான் வருகிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பாகான் செராய் வரை நான் ஜன்னலை மூடுவதும் நோரா திறப்பதுமாகப் போயிருக்க வேண்டாம். வெளியே பச்சைப் பசேலென்று வயல். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எதிரே ஒரு துரை சுருட்டைக் கையில் எடுத்தார். பற்றவைப்பதற்கு முன்னாலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என் வெள்ளை உடுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டுச் சுருட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிபோங் திபாலில் வண்டி நின்றபோது ஒரே ஆரவாரம். பைராம் தோட்டத்திலிருந்தும் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பங்குனி உத்திரத்துக்குப் போகிற கூட்டம் மூன்றாம் வகுப்பில் ஏறியது. வண்டி நகர்ந்ததும் பெண்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். நோரா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். உதடு அசைந்தது. நான் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தேன்.

சிலேட்டை எடுத்து எழுதினார்: "அந்தப் பெண் எங்கே மூச்சு விடுகிறாள்?"

காது கொடுத்துக் கேட்டேன். அவள் வரி முடிவதற்குள்ளேயே பக்கத்திலிருந்தவள் சேர்ந்துகொள்கிறாள். அந்த இடைவெளியில் இவள் மூச்சு வாங்கிக்கொள்கிறாள். அதைச் சொன்னேன்.

நோரா எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "எங்கள் ஊரில் ஒருத்திதான் பாடுவாள். ஆனால் அவளைத் தனியாக விடமாட்டார்கள்."

ஒருத்திதான் பாடுவாள், ஆனால் தனியாக விடமாட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் புரியவில்லை. கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறந்துவிடுவாரோ என்று பயந்து கேட்காமல் விட்டேன்.

பிறையிலிருந்து படகில் இருபது நிமிஷம். கடற்காற்று நல்லது என்பார்கள். தொண்டைப் புண்ணுக்கு இல்லை. என் சால்வையை அவர் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அந்த வெயிலில் சால்வையோடு இறங்கிய வெள்ளைக்காரியை ஜெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெட்டியில் வாடகை மோட்டார் நிற்கும். ஊருக்குள் எங்கே போனாலும் ஐம்பது காசுக்கு மேல் கொடுக்காதீர்கள். ரிக்ஷா அதில் பாதிதான், ஆனால் தூசி முகத்தில் அடிக்கும். எங்களுக்குக் கிடைத்த டிரைவர் பெயர் சின்னசாமி. வண்டியைக் கிளப்புவதற்குள் வாயைக் கிளப்பிவிட்டார்.

"துரைசானிக்கு என்னா சீக்கு மிஸி? இந்த வெயில்ல சால்வை போட்டிருக்காங்க?"

"தொண்டையில வருத்தம். கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கோ அண்ணே. தூசி வரக் கூடாது."

"தூசிய ஜாலான்கிட்ட சொல்லுங்க மிஸி. ரோட்டுத் தூசிக்கு என்கிட்ட சொன்னா எப்படி லா?"

"அவ பாடுறவ. நாளைக்குப் பாட்டு இருக்கு."

"பாடுறவங்களா! அப்ப இப்பவே ஒண்ணு எடுத்து விடச் சொல்லுங்களேன், வழிக்கு ஆகும்."

"வாயைத் திறந்தா கொன்றுபோடுவன்."

"யாரை?"

"ரெண்டு பேரையும்."

சின்னசாமி கண்ணாடியில் நோராவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். நோரா சத்தமில்லாமல் சிரித்தார். மூன்று வாரத்தில் சத்தமில்லாமல் சிரிக்க நன்றாகப் பழகிவிட்டிருந்தார்.

வழியில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நிறுத்தச் சொன்னேன். நம்மவர்கள் கடைத்தெரு என்பது இதைத்தான். ஜவுளி, நகை, மசாலா எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஆனால் மிளகாய்த்தூள் நெடி மூக்கைத் துளைக்கும். தொண்டைக்காரர்களை வண்டியிலேயே விட்டுப் போங்கள். அதிமதுரமும் பனங்கற்கண்டும் வாங்கினேன். கடைக்காரர் நம் பக்கத்து முஸ்லிம். யாருக்கு என்று விசாரித்தவர், விஷயம் தெரிந்ததும் வாசலுக்கு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணு வாரமா பேசாம இருக்காங்களா? எங்க வீட்டுக்காரிக்கும் இந்த வைத்தியம் உண்டா மிஸி?"

"உங்களுக்குத்தான் முதல்ல குடுக்கோணும்."

கடை முழுவதும் சிரித்தது. அவரும்தான். அதிமதுரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பனங்கற்கண்டை, "பாடுற தொண்டைக்கு என் பங்கு," என்று சும்மா கொடுத்தார்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் தங்கினோம். சுத்தமான அறை, கொசுவலை உண்டு, சாப்பாட்டோடு ஒருவருக்கு இரண்டு வெள்ளி. மறுநாள் மத்தியானம் வரை நோராவை அறையைவிட்டு நகரவிடவில்லை. கொடிமலையைக் காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டு சிலேட்டில் ஒரு மலையும், மேலே ஒரு சிறைக் கம்பியும், கம்பிக்கு வெளியே தொப்பி போட்ட என்னையும் வரைந்தார். படம் நன்றாகவே இருந்தது. நான்தான் ரசிக்கும் நிலையில் இல்லை. வெந்நீர் ஆவி பிடிக்கவைத்தேன். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச்சு அடித்துப் பார்த்தேன். பார்த்து என்ன பயன்? குரல்நாண் கண்ணுக்குத் தெரியும் இடத்திலா இருக்கிறது?

பாட்டு மாலை ஐந்தரை மணிக்கு. எஸ்பிளனேடுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு சின்ன மண்டபம். அறுபது பேர் இருக்கலாம்: போலீஸ்காரர்கள், ரப்பர் தோட்டத்துத் துரைகள், இரண்டு மூன்று பாதிரிமார், நரைத்த மாலுமிகள். ஏற்பாடு செய்தவர் லாலர் என்ற கிழவர். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோராவின் தீவுக்கு எதிர்க்கரைதான் அவர் ஊர். நோராவைக் கண்டதும் ஆங்கிலத்தில் இல்லாமல் அவர்கள் ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். நான் குறுக்கே நின்று, "பேசமாட்டார்," என்றேன்.

"என்ன பாடப் போகிறீர்கள் என்றாவது எழுதட்டும்," என்றார் லாலர்.

நோரா எழுதிக் காட்டினார். லாலர் படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முழுவதுமா?" என்று கேட்டார். நோரா தலையசைத்தார்.

"எத்தனை சரணம்?" என்று நான் லாலரிடம் கேட்டேன்.

"பதினொன்று. படகு கவிழ்ந்து போன ஒருவனைப் பற்றி அந்தத் தீவுப் பெண்கள் கட்டிய பாட்டு. என் அம்மா பாடிக் கேட்டது; ஊரை விட்டு வந்தபின் நான் கேட்டதில்லை."

எனக்கு வந்த கோபத்தில் நோராவைப் பார்த்து ஊரே கேட்கும்படி கத்தினேன். டாக்டர் மூன்று சரணம் என்றார், நீங்களும் சரி என்றீர்கள், இதென்ன விளையாட்டு, உங்களுக்குக் குரல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அவரை ஒரு குழந்தையைப் போலத் திட்டினேன். நோரா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிலேட்டில் எழுதினார். சின்னச் சின்ன எழுத்தில், சிலேட்டு நிறைய:

"என் வாழ்நாள் முழுவதும் நறுக்கித்தான் பாடியிருக்கிறேன். இங்கே இந்தப் பாஷை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே தடவை முழுசாக. பிறகு குரல் இருந்தால் சந்தோஷம். போனால் எதற்குப் போயிற்று என்றாவது எனக்குத் தெரியும்."

நான் லாலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கச்சேரி நின்றிருக்கும். அந்த அதிகாரத்தை டாக்டர் எனக்குக் கொடுத்திருந்தார். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "இடையில் நின்றால் நான் மேடைக்கு வருவேன். நாடி பார்ப்பேன். சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே முடித்துக் கூட்டிப்போவேன். சம்மதமா?" என்றேன். நோரா நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்தார்.

பச்சைக் கவுன் இல்லை, பியானோ இல்லை. சாதாரணச் சாம்பல்நிற உடுப்போடு மேடை நடுவில் நின்று, கண்ணை மூடி, பாதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தொடங்கினார். அதுவரை அவர் பாடி நான் கேட்டதே இல்லை. மூன்று வாரம் காவல் காத்த பொருள் என்ன என்பதை அன்றுதான் கண்டேன். பெரிய குரல் ஒன்றும் இல்லை. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருகிற மாதிரி சாதாரணமாக வந்தது, வந்தபின் போகவில்லை. பாஷை தெரியாமலே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் நான் பாட்டைக் கேட்டேன் என்று சொல்லமுடியாது. சரணங்களைத்தான் எண்ணினேன். மூன்று. டாக்டரின் எல்லை தாண்டியாயிற்று. நான்கு. ஐந்து. ஆறாவதில் ஒரு மேல் ஸ்தாயியில் குரல் இழுபட்டது.

ஏழாவது சரணத்தின் நடுவில் நின்றுவிட்டது.

நோராவின் கை தொண்டைக்குப் போனது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய சின்னசாமியும் நாலைந்து நம் ஆட்களும் நின்றது எனக்குத் தெரிந்தது. எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் நாடியைத் தேடியது.

அப்போது முன்வரிசையில் லாலர் எழுந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். என்னைக் கீழே இறங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. நோரா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்; முதலில் ஆச்சரியம், பிறகு வேறொன்று. என் பிடியிலிருந்த கையை அப்படியே திருப்பி என் கையைப் பற்றிக்கொண்டார். மெதுவாக, இரண்டு கையையும் சேர்த்து, திருகைக் கல்லைச் சுற்றுவது போல ஒரு வட்டமாகச் சுற்றத் தொடங்கினார். நின்ற இடத்திலிருந்தே பாட்டு மறுபடி கிளம்பியது.

நான் எங்கே இறங்குவது? கையை அவர் விடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. குரல் தேய்ந்து கீழே போய்விட்டது, ஆனால் ஓடியது. அது தளரும் இடத்தில் கை கொஞ்சம் அழுத்திச் சுற்றும். நான் அதே அளவு திருப்பி அழுத்துவேன். குரல் மேலே ஏறும். பதினொன்றாவதின் கடைசி வரிக்கு வந்ததும் நோரா பாடவில்லை. பக்கத்து வீட்டாரிடம் நேரம் சொல்வதுபோல, அந்த வரியைச் சாதாரணமாகப் பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் போய்விட்டது. கடைசி வரிக்குக்கூட எட்டவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்ததும், லாலர் அழுததும், பாதிரியார் ஒருவர் என் கையைப் பிடித்து ஏதேதோ சொன்னதும் எனக்குக் காதில் ஏறவில்லை. நோரா கைக்குட்டையை வாயில் ஒற்றி மடித்துக்கொண்டார். நான் பறித்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது.

விடுதிக்குத் திரும்பும்போது சின்னசாமி வண்டியை ஊர்ந்துதான் ஓட்டினார். யாரும் சொல்லாமலே.

"நல்லாத்தான் பாடினாங்க மிஸி. கடைசியில ஏன் பேசிட்டாங்க? பாட்டு மறந்துபோச்சா?"

நான் அந்தக் கைக்குட்டையை இன்னும் சின்னதாக மடித்தேன். நோரா ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிலேட்டைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை லாலர் ஒரு தொண்டை டாக்டரோடு விடுதிக்கு வந்தார். டாக்டர் உள்ளே கண்ணாடியோடு இருந்தபோது தாழ்வாரத்தில் நானும் லாலரும் நின்றோம். நேற்றுச் செய்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவர்கள் பக்கத்தில் நீண்ட பாட்டைப் பாடுகிறவர் தளர்ந்தால், கேட்கிறவர்களில் ஒருவர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கமாம். பாட்டு முடியும்வரை கையைச் சுற்றிக்கொண்டே இருப்பார்களாம். மண்டபத்தில் அவர்கள் சொன்னது, "கடவுள் உனக்குத் துணை," என்ற வாழ்த்தாம்.

"நீங்கள் போயிருக்காவிட்டால் நான் போயிருக்க வேண்டும். என் கால் ஓடவில்லை," என்றார்.

"கடைசி வரி?" என்று கேட்டேன். "அதைப் பாட முடியாமல் பேசினாரே?"

லாலர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கடைசி வரியை எப்போதும் பேசத்தான் வேண்டும் சிஸ்டர். பாட்டு முடிந்தது, இனி எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம்."

எனக்கு அப்படியே நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அந்த நிமிஷம்தான் டாக்டர் வெளியே வந்தார். பேசலாம், இன்றே பேசலாம், தடையில்லை என்றார். பாட்டு இனி இல்லை என்றார். இறங்கிய பாரம் திரும்பி ஏறிக்கொண்டது.

உள்ளே போனேன். நோரா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் என் வாழ்க்கையில் பல நோயாளிகளுக்குக் கெட்ட செய்தி சொல்லும் டாக்டர்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். செய்தி கேட்டபின் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த நோயாளி இவர் ஒருவர்தான்.

"கடைசி வரி வழக்கத்துக்காகப் பேசியதா, குரல் போனதாலா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வழக்கம்தான்," என்றார். மணலில் இழுத்தது போன்ற குரல். "ஆனால் நேற்று அந்த வழக்கம் நல்ல நேரத்தில் வந்தது. பாடியிருந்தால் குரல் வந்திருக்காது." துணியை மடித்து வைத்தார். "அழாதே. மீன் வெட்டக் குரல் வேண்டாம்."

ஊருக்குப் போய் மீன் வெட்டப் போகிறாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியா என்பதும் தெரியாது. தைப்பிங் திரும்பியதும் பெரிய டாக்டர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவர் உரிமை. அந்த ஏழாவது சரணத்தில் நான் நோராவைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் குரல் பிழைத்திருக்குமோ என்று வார்டில் வேலை இல்லாத நேரத்தில் நினைப்பு வரும். அன்று அந்தப் பாட்டு ஏழாவது சரணத்தில் நின்றுபோயிருந்தால் அவர் எப்படி இருந்திருப்பார் என்றும் நினைப்பு வரும். இரண்டில் எது வந்தாலும் எழுந்துபோய்ப் படுக்கை விரிப்புகளைச் சரிசெய்வேன்.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம்: பங்குனி வெயில் பொல்லாதது, வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொடிமலைக்கு நான் போகவில்லை, அதனால் ஒன்றும் சொல்லமாட்டேன். கடைத்தெருவில் பேரம் பேசுங்கள். சிரித்துக்கொண்டு பேசினால் குறைப்பார்கள். கப்பலுக்கு வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே துறைக்குப் போய்விட வேண்டும். சங்கு ஊதியபின் மேலே ஏற விடமாட்டார்கள். நாங்கள் முன்பே போயும் நான் நான்கு தடவை மணி கேட்டேன்.

சின்னசாமி பெட்டியைத் தூக்கி வந்தார். நோரா படிக்கட்டடியில் நின்று என் சால்வையைக் கழற்றித் தந்தார். நான் வாங்கி மறுபடி அவர் கழுத்திலேயே சுற்றினேன். சங்கு ஊதியது. அவர் தன் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார்.

"நேற்று எத்தனை இருந்தது?"

"என்ன எத்தனை?"

"நாடி. அதைப் பார்க்கத்தானே மேடைக்கு வந்தாய்? எல்லோரும் வழக்கம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும்." அந்த உடைந்த குரலில் சிரித்தார், சத்தத்தோடு சிரித்தார். "பொய் சொல்லாதே. எத்தனை?"

நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு கையைப் பிடித்துவிட்டு எண்ணாமல் விட்டதில்லை. பிணத்தின் கையைக்கூட ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

"எண்ணவில்லை."